அரை டன் பிக்கப்பில் ஒரு வீடு

இருபத்தாறு வருடம் நான் வீடுகளை இழுத்தேன். எல்லாம் மற்றவர்களுடைய வீடுகள். சக்கரம் பூட்டிய வீடுகள். இங்கே இத்தாலியில் அவற்றை ரூலோட் என்பார்கள். வைகாசியில் யார்டிலிருந்து கடற்கரைக்கு இழுப்போம். புரட்டாதியில் திரும்ப யார்டுக்கு இழுப்போம். நடுவில் திருத்த வேலை. போன வருடம் ஓய்வெடுத்தேன்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். "இப்ப எல்லாத்துக்கும் கமரா இருக்கு அங்கிள். நீங்கள் அந்தக் காலத்திலை எப்பிடி வண்டியைப் பின்னுக்கு எடுத்தனீங்கள், அதை எழுதித் தாங்கோ" என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு கொப்பி வாங்கிக் குசினி மேசையில் வைத்தேன். இரண்டு கிழமை ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதத் தொடங்கினேன். அது வேறு இடத்துக்குப் போய்விட்டது. போனபடியே விடுகிறேன்.

பின்னுக்கு எடுப்பதற்குப் பதில் சின்னது. ஒருவர் பின்னால் நிற்பார். அவரைக் கண்ணாடியில் காணாவிட்டால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நின்றவன் அன்ரன். மன்னார்ப் பக்கம். என்னைவிட ஒரு வயது குறைவு. வாய் ஓயாது. என்னை மச்சான் என்பான்.

ஊரில் நான் உழவு இயந்திரம் ஓட்டினேன். பின்னால் இரண்டு சக்கரப் பெட்டி. வெங்காயம், கல், மணல், சில நேரம் சனம். பலெர்மோவுக்கு வந்து முதல் இரண்டு வருடம் பொலிதேயாமாப் பக்கம் மாடிப்படி கழுவினேன். அந்தப் படிகளில் ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தவர் தொன் நீனோ, ரூலோட் யார்டின் முதலாளி. ஒருநாள் வாளியைத் தாண்டிப் போகும்போது நின்று, ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். பெட்டியோடு பின்னுக்கு எடுப்பாயா என்றார். எடுப்பேன் என்றேன். திங்கட்கிழமை வா என்றார். ரூலோட் இழுப்பதற்கு இங்கே தனி லைசென்ஸ் வேண்டும். எழுத்துப் பரீட்சை இத்தாலி மொழியில். இரண்டு தரம் விட்டேன். மூன்றாம் தரம் பாஸ்.

தொன் நீனோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். சின்ன மனிதர். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். பின் பொக்கற்றில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. சத்தம் போட்டு நான் கண்டது ஒரே ஒரு தரம். வண்டி எடுக்க முன்னம் அவர் ஆசனத்தில் ஏறமாட்டார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் அந்தந்தச் சாமானில் கையை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். கை வைக்காமல் சொன்ன பதில் அவருக்குப் பதில் அல்ல.

முதல் கிழமை எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. "கொழுக்கி?" என்று கேட்டார். நான் ஆசனத்தில் இருந்தபடி, "பூட்டியாச்சு" என்றேன். அவர் பின்னால் போனார். திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். "போ" என்றார். போனேன். பிக்கப் போனது. ரூலோட் நின்ற இடத்தில் நின்றது. கழற்றிவிட்டு வந்திருக்கிறார். நான் படலையைத் தாண்டித்தான் கண்டேன். அவர் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரன்தான் ஓடிவந்து கத்தினான்.

"மச்சான்! வீட்டை மறந்துபோட்டுப் போறாய்!"

அன்றிலிருந்து கை வைத்துத்தான் சொன்னேன். அவர் பேசுவது சிசிலிப் பேச்சு. இங்கே நான் அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவர் சொன்ன மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

இனி என் வீட்டுக் கதை. மனைவி பெயர் பவளம். மகள் சுதா. சுதா பிறந்து நாலு மாதத்தில் நான் வெளிக்கிட்டேன். பிறகு அவர்கள் ஊரைவிட்டுக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் இருந்தார்கள். ஒரு அறை. குசினி பொது. இரவில் பொலிஸ் சோதனை என்றால் பிள்ளையை எழுப்பிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வுச்சீரியாச் சந்தைக்குக் கிட்ட ஒரு போன் கடையில் இருந்து கதைப்பேன். ஆறு வருடம் அப்படிப் போனது. தொண்ணூறுகளில் இங்கே வந்த ஆட்களுக்கு இது புதினம் அல்ல. எல்லோருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

குடும்பத்தைக் கூப்பிட மூன்று சாமான் வேண்டும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, வேலைக் கடிதம், வீடு. முதல் இரண்டும் தொன் நீனோவால் கிடைத்தன. வீடுதான் இல்லை. நான் இருந்தது ஆறு ஆம்பிளைகள் படுக்கும் அறையில். அதை வீடு என்று ஒருவரும் எழுதித் தரமாட்டார்கள்.

யார்டு ஸ்ஃபெர்ராகவால்லோ என்கிற கடற்கரை ஊருக்குப் பின்னால், மலைக்கு அடியில். வாசலில் இரண்டு அறையும் குசினியுமாக ஒரு சின்னக் கல்வீடு. அதில் தொன் நீனோவின் தமக்கை சின்யோரா கார்மெலா தனியே இருந்தார். எழுபது தாண்டியவர். நெஞ்சுக்குள் இழுப்பு. தம்பியின் மனைவியோடு கதை இல்லை. அதனால் பொலிதேயாமாவுக்குப் போய் இருக்கவும் மாட்டார். என் மகளின் படத்தைக் கேட்டு வாங்கித் தன் மாதா படத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருந்தார்.

அவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு தமையன். போய் நாற்பது வருடம். கடைசிக் காலத்தில் அங்கே பெரிய ரூலோட் ஒன்றில்தான் குடியிருந்தவர். ஒவ்வொரு கடிதத்திலும், "வீட்டோடை வாறன், உன்ரை வாசலிலை விடுவன்" என்று தங்கைக்கு எழுதுவாராம். வரவில்லை. செத்துப்போனார். அவருடைய மகன் அந்த ரூலோட்டைக் கப்பலில் ஏற்றி அத்தைக்கு அனுப்பினான்.

செய்தி வந்த அன்று சின்யோரா என்னைக் கூப்பிட்டார்.

"ராசா, நான் என்ரை அண்ணற்றை வீட்டிலை இருக்கப் போறன். இந்த வீட்டை நீ எடு. உன்ரை மனிசியையும் பிள்ளையையும் கொண்டுவா."

எனக்கு நம்ப முடியவில்லை. தொன் நீனோவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அடுத்த நாளே நகரசபைக் கந்தோருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர், புரட்டாதிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஆள் வந்து பார்க்கும் என்றார். வீடு வெறுமையாக இருக்க வேண்டும். வேறு ஆள் குடியிருந்தால் எழுதமாட்டார்கள். கப்பல் வந்து சேர்ந்தது அதே கிழமை. புதன்கிழமை துறைமுகத்தில் எடுக்கலாம் என்றார்கள். புதன் இழுத்து வந்தால் பின்னேரம் சின்யோரா ஏறிவிடுவார். வியாழன் வீடு வெறுமை. ஒரு நாள்கூடத் தள்ள இடமில்லை.

அந்த ஞாயிறு பவளத்துக்குச் சொன்னேன். "மார்கழியிலை, நத்தாருக்கு முன்னம் வந்திடுவியள்."

"உண்மையாவோ?"

"ஓம்."

"இஞ்சேருங்கோ, அங்கை குளிராமே? பிள்ளைக்கு என்ன வாங்கிறது?"

"ஒண்டும் வாங்காதை. இஞ்சை வாங்கலாம்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தேன். மீன்காரர் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரத்தில் ஒரு தரம் சறுக்கி விழுந்தும் சிரித்துக்கொண்டு எழும்பினது ஞாபகம்.

இனி அந்த ரூலோட். நாங்கள் வழமையாக இழுக்கிறவை பின் கொழுக்கியில் பூட்டுகிறவை. இது வேறு. இதன் மூக்கு பிக்கப்பின் பின்பெட்டிக்கு மேலே வந்து நிற்கும். மூக்குக்குக் கீழே ஒரு இரும்பு முளை. பின்பெட்டியின் நடுவில் வாய் வைத்த வட்டத் தட்டு ஒன்றை போல்ட் அடிக்க வேண்டும். முளை அந்த வாய்க்குள் போய்ப் பூட்டும். அமெரிக்காவில் அந்தத் தட்டை ஐந்தாம் சக்கரம் என்பார்களாம். தட்டையும் பிரேக் கட்டுப்பாட்டையும் தமையனின் மகன் முன்கூட்டியே அனுப்பியிருந்தான். நாங்கள் யார்டில் பூட்டிவிட்டோம்.

பிக்கப்பும் அமெரிக்கப் பிக்கப்தான். நாட்டுக்குத் திரும்பின ஒரு அமெரிக்கச் சிப்பாயிடம் தொன் நீனோ வாங்கியது. அரை டன் பிக்கப் என்பார்கள். முதுகில் அரை டன், கொஞ்சம் கூடச் சுமக்கும். எங்கள் சின்ன ரூலோட்டுகளுக்கு அது யானை. தமையன் தன்னுடையதை இழுத்தது இதைவிடப் பெரிய லொறியால். அது அங்கே விற்றாயிற்று. அதை நாங்கள் யோசிக்கவில்லை. அமெரிக்க வண்டி, அமெரிக்க ரூலோட், சரி என்று நினைத்தோம்.

புதன் காலை துறைமுகத்தில் அதைக் கண்டோம். அன்ரன் அதை ஒரு தரம் சுற்றி வந்தான்.

"இது ரூலோட் இல்லை மச்சான். சேர்ச்" என்றான் கடைசியில்.

பூட்டுகிற முறை இது. முதலில் ரூலோட்டின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. பிக்கப்பின் பின்கதவை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு அதை உடைக்கும். ரூலோட்டின் முன் கால்களைச் சுழற்றி, தட்டைவிட முளை ஒரு விரல் தாழ்வாக வரும்வரை உயரம் பார்க்க வேண்டும். பிறகு அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு. முளை வாய்க்குள் போகும்போது ஒரு சத்தம் வரும். சத்தத்தை நம்பக் கூடாது. இறங்கிப் போய்க் கையை விட்டுத் தடவ வேண்டும். வாய் முளையைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். பூட்டுக்கு ஊசி போட வேண்டும். மின்சார வயர். ரூலோட் கழன்று ஓடினால் பிரேக் பிடிக்கிற கம்பி. கட்டையை எடுக்காமல் ஒரு தரம் முன்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். பிக்கப் கழன்று வராவிட்டால்தான் கால்களைத் தூக்கலாம்.

எல்லாம் செய்தோம். தொன் நீனோ கடைசி முத்திரைக்காகச் சுங்கக் கந்தோருக்குப் போனார். நான் கால்களைத் தூக்கினேன். பாரம் முழுவதும் பிக்கப்பின் முதுகில் இறங்கியது. பின்பக்கம் இருந்துவிட்டது. முன்விளக்குகள் ஆகாயத்தைப் பார்த்தன. ஸ்ரேறிங்கைத் திருப்பினால் முன்சில்லு தரையில் நிற்கிற மாதிரியே இல்லை.

நான் உடனே ஊரில் செய்கிறதைச் செய்தேன். உழவு இயந்திரத்துக் கொழுக்கியில் பாரம் கூடினால் பெட்டியில் இருக்கிற மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவோம். சனம் என்றால், "பின்னுக்குப் போங்கோ" என்று கத்துவோம். முன் எழும்பும். எத்தனை வருடம் அப்படித்தான் ஓடினேன். ஒரு பிழையும் வந்ததில்லை.

ரூலோட்டின் மூக்குக்குக் கீழே ஒரு பெரிய சாமான் அறை. தமையனின் சாமான் எல்லாம் அதற்குள் இருந்தது. சுத்தியல், குறடு வைக்கிற பெட்டிகள், தகரத்தில் அடைத்த சாப்பாடு, இரும்பு அடுப்பு.

"எல்லாத்தையும் பின் கடைசிக்குக் கொண்டுபோ" என்றேன்.

அன்ரன் ஒரு கறுப்பு உருண்டையைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தான். "இதென்ன மச்சான், பீரங்கிக் குண்டோ? மூண்டு ஓட்டை கிடக்கு."

"விளையாடுற பந்தாக்கும்."

"இதாலை விளையாடினால் ஆர் உயிரோடை இருப்பினம்?"

பின் கடைசியில் தண்ணீர்த் தாங்கியும் இருந்தது. துறைமுகக் குழாயில் இருந்து அதையும் நிரப்பினேன். பிக்கப்பின் முதுகு மெல்ல எழும்பியது. விளக்குகள் தெருவைப் பார்த்தன. எனக்குப் பெருமை. அதையும் சொல்ல வேண்டும்.

தொன் நீனோ திரும்பி வந்தார். பக்கத்தில் நின்று கேட்டார்.

"முளை?" கை வைத்தேன். "பூட்டியிருக்கு."

"ஊசி?" "போட்டிருக்கு."

"வயர்?" "விளக்கு எரியுது."

"கம்பி?" "கொழுவியிருக்கு."

"கால்?" "மேலை."

"கட்டை?" "உள்ளை வைச்சாச்சு."

ஆறு கேள்வி. பாரம் எங்கே இருக்கிறது என்று அந்த ஆறில் இல்லை. அவர் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"அங்கை நிண்டு பார்க்க, முன்னம் படுத்தமாதிரிக் கிடந்தது?"

"சாமானைச் சரியா அடுக்கினன்" என்றேன்.

அவர் உள்ளே ஏறிப் பார்த்திருப்பார், வேறு நாள் என்றால். அன்று தமக்கை காலையிலிருந்து யார்டு வாசலில் கதிரை போட்டு இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

ஊருக்குள் நன்றாக வந்தது. மெதுவாகத்தான் வந்தோம். சனம் நின்று பார்த்தது. ஒரு கிழவர் சிலுவை போட்டார். சுற்றுவீதியில் ஏறியதும் அறுபதுக்கு விட்டேன். ஒரு பாலத்தைவிட்டு இறங்கும்போது ஆசனத்துக்குக் கீழே ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வீட்டின் பின்சுவர் வலப்பக்கம் தெரிந்தது. பிறகு இடப்பக்கம் தெரிந்தது. மாடு வாலை ஆட்டுகிற மாதிரி. ஒவ்வொரு ஆட்டமும் முதல் ஆட்டத்தைவிடப் பெரிது. பிக்கப்பும் சேர்ந்து ஆடத் தொடங்கியது. பக்கத்தில் வந்த ஸ்கூட்டரில் ஒரு தாயும் பிள்ளையும். தாய் எங்களைப் பார்த்துக்கொண்டே பின்தங்கினாள்.

நான் கால் பிரேக்கை மிதிக்கப் போனேன். "விடு!" என்றார் தொன் நீனோ. அவர் சத்தம் போட்டது அது ஒரு தரம்தான். நான் கையும் காலும் அசையாமல் ஸ்ரேறிங்கை நேரே பிடித்தேன். அவருடைய கை வந்து ஸ்ரேறிங்குக்குக் கீழே இருந்த சின்ன நெம்பை நெரித்தது. அது ரூலோட்டின் பிரேக்கை மட்டும் பிடிப்பது. பின்னால் இருந்து ஒரு பெரிய கை பிடித்து இழுத்த மாதிரி வீடு நேரானது. ஓரத்தில் நிறுத்தினேன். அன்ரன் பின் ஆசனத்தில் இருந்து, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி நின்ற பிறகும் சொன்னான்.

தொன் நீனோ இறங்கி ரூலோட்டின் கதவைத் திறந்தார். பின்சுவரோடு கிடந்த சாமானைப் பார்த்தார். தாங்கியைத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கீழே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது வீதி ஓரமாக நெடுநேரம் ஓடியது.

"எல்லாத்தையும் முன்னுக்குக் கொண்டு போங்கோ."

கொண்டு போனோம். பிக்கப் திரும்பவும் படுத்தது. அவர் சட்டையோடு நிலத்தில் படுத்து அடியில் பார்த்தார். துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வலப்பக்க ஸ்பிரிங் தகட்டில் ஒன்று வெடித்திருந்தது.

எழும்பி மண்ணைத் தட்டினார். "பாரம் முன்னுக்கு இருந்தால் பிக்கப் தாங்காது. பின்னுக்கு இருந்தால் வீடு வாலை ஆட்டும். இந்தப் பிக்கப் இதுக்கு இல்லை. நான்தான் பிழை விட்டது."

நான் சொன்னேன், "சாமானை இஞ்சை இறக்கிவிட்டு மெல்ல உருட்டுவம். இன்னும் ஒன்பது கிலோமீற்றர்தான்."

"தகடு வெடிச்சிருக்கு, ராசா."

"நாளைக்கு ஆள் வரும்."

"தெரியும்" என்றார். "பெரிய லொறிக்காரன் ஒருத்தனை எனக்குத் தெரியும். போன் எடுத்துப்போட்டு வாறன்."

அவர் வீதியோரமாக நடந்து போனார். பார் இருந்தது ஒரு கிலோமீற்றருக்கு அப்பால். சாவியைக் கேட்கவில்லை. அது வண்டியிலேயே கிடந்தது.

அன்ரன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், இருபதிலை உருட்டினால் அரை மணித்தியாலம். அவர் வாறதுக்கிடையிலை நாங்கள் யார்டிலை."

"தகடு?"

"ஒண்டுதானே வெடிச்சது. மற்றது இருக்குத்தானே. நான் பின்னாலை ஓடி ஓடி வாறன். வாகனம் வந்தால் கை காட்டுறன்." பிறகு சொன்னான், "பவளம் அக்கா பார்த்துக்கொண்டிருப்பா."

நான் ஏறினேன். எஞ்சினை எடுத்தேன். நல்ல சத்தம் அதற்கு. போகலாம் என்றுதான் அந்த நேரம் இருந்தது. வேறு ஒன்றும் மனதில் இல்லை. லொட்ஜ் வாசலில் பவளம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது மட்டும் இருந்தது.

பழக்கத்தில் இறங்கினேன். பூட்டின வண்டியைச் சுற்றி வராமல் எடுக்க எனக்கு அப்போதே முடியாது. முளையில் கை வைத்து, "பூட்டியிருக்கு" என்றேன். ஊசி. வயர். கம்பி. அவருடைய பேச்சில் கேட்டு அவருடைய பேச்சிலேயே சொன்னேன்.

"ஆரோடை கதைக்கிறாய்?" என்றான் அன்ரன்.

கால், கட்டை. ஆறும் முடிந்தது. ஏழாவதாகக் குனிந்து ஸ்பிரிங் தகட்டில் கையை வைத்தேன். நகம் வெடிப்புக்குள் போனது. அப்படியே குந்திக்கொண்டிருந்தேன். எஞ்சின் அதிர்வு தகட்டில் கேட்டது. வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சனம் இருந்தது.

எழும்பிப் போய் எஞ்சினை நிறுத்தினேன். சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தொன் நீனோ போன பக்கம் நடந்தேன். அவர் திரும்பி வரும்போது பாதி வழியில் கண்டோம். கையில் கொடுத்தேன். அவர் வாங்கிப் பொக்கற்றில் போட்டார்.

"லொறி திங்கட்கிழமைதான்" என்றார்.

ரூலோட்டை வீதியோரத்தில் கழற்றிக் கட்டை வைத்துவிட்டு வெறும் பிக்கப்பில் மெல்ல வந்தோம். பின்னேரம் மழை. யார்டுக்கு வந்து சேர்ந்தபோது சின்யோரா கதிரையை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவில் நின்றார். தம்பி சொன்னதைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கட்டிலை வெளியிலை எடு. நான் ஒரு இரவு எங்கையும் இருப்பன்" என்றார். சொல்லி முடிக்க இருமல் வந்துவிட்டது. யார்டில் நாற்பது ரூலோட் நின்றது. ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது. திறப்பு அவர்களிடம். அந்தக் கட்டிலை மழைக்குள் தூக்கிப் போட்டுவிட்டு என் மனைவியை உள்ளே கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றேன்.

வியாழன் ஆள் வந்தார். கட்டிலைப் பார்த்தார். மாதா படத்தைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த சுதாவின் படத்தையும் பார்த்தார். வெறுமை இல்லை என்று எழுதினார். அடுத்த தவணை மாசியில்.

திங்கட்கிழமை பெரிய லொறி அரை மணித்தியாலத்தில் அதைக் கொண்டுவந்து விட்டது. ஒரு ஆட்டமும் இல்லை. கட்டை வைத்து, கால் இறக்கி, கதவைத் திறந்தோம். சின்யோரா உள்ளே போய்த் தமையனின் அலுமாரியைத் திறந்து ஒரு சட்டையை மணந்து பார்த்தார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அந்த வீட்டில் அவர் எட்டு வருடம் இருந்தார்.

இடையில் வந்த ஞாயிறு பவளத்துக்குப் போன் எடுத்தேன்.

"கந்தோரிலை பிந்துது" என்றேன்.

"எவ்வளவு பிந்தும்?"

"நாலைஞ்சு மாசம் எண்டினம்."

லொட்ஜில் யாரோ சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது.

"பிள்ளை எங்கை?" என்றேன்.

"இஞ்சைதான் நிக்கிறாள். கதைக்கமாட்டாளாம். அப்பா பொய்யாம்."

பவளம் இன்றுவரை அந்தக் கந்தோரை ஏசுவாள். யாராவது பேப்பர் அலுவலாகப் போகிறார்கள் என்றால், "எங்களை நாலு மாசம் காய விட்டவை" என்பாள். நான் பேசாமல் இருப்பேன். கந்தோர் பிந்தவில்லை. பாரத்தைப் பின்னுக்குத் தள்ளினது நான். சாவியைக் கழற்றிக் கொடுத்ததும் நான். முதலாவது பிழை. இரண்டாவது பிழை இல்லை என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இந்த மலர் வீட்டுக்கு வரும். அவள் வாசிப்பாள். வாசிக்கட்டும்.

ஊரில் செய்தது ஏன் இங்கே பிழைத்தது என்று அன்ரன் நெடுநாள் கேட்டான். எனக்கு விளங்க ஒரு மாரி எடுத்தது. உழவு இயந்திரம் மாட்டு நடையில் போகும். அந்த வேகத்தில் வால் ஆடாது. முறை பிழை இல்லை. வேகம் வேறு. இழுவை வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். கமரா இதைக் காட்டாது.

தொன் நீனோ அந்தச் சாமானை யார் பின்னுக்குக் கொண்டு போனது என்று ஒருநாளும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன ரூலோட் எடுக்கப் போனோம். அவர் பக்கத்தில் வந்து நின்றார். முளையோ கொழுக்கியோ கேட்க முன்னம், "பாரம் எங்கை?" என்றார். நான் உள்ளே ஏறி, தரையில் கை வைத்து, "அச்சுக்கு மேலை, கொஞ்சம் முன்னுக்கு" என்றேன். அவர் இருக்கும்வரை ஏழு கேள்விதான்.

மாசியில் வீடு எழுதிக் கிடைத்தது. பங்குனிக் கடைசியில் விசா. சித்திரை பிறந்து ஒரு கிழமையில் வந்தார்கள். விமான நிலையத்துக்கு அந்தப் பிக்கப்பில்தான் போனேன், தகடு மாற்றி. பவளம் மெலிந்திருந்தாள். சுதா தாயின் சீலைக்குப் பின்னால் நின்றாள். பாஸ்போட் படத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளை. நான் குந்தி இருந்து, "நான் ஆர், சொல்லு பாப்பம்?" என்றேன். அவள் சிரித்தாள். மேலே முன்பல் இரண்டும் இல்லை.

"எப்ப விழுந்தது?" என்று பவளத்தைக் கேட்டேன்.

"ஒண்டு தைப்பொங்கலுக்கு. மற்றது போன மாசம்."

"எங்கை பல்லு?"

"லொட்ஜ் கூரைக்கு மேலை எறிஞ்சாச்சு. வேறை என்ன செய்யிறது?"

நான் விட்டு வரும்போது பல் முளைக்காத பிள்ளை. வந்து இறங்கும்போது பல் விழுந்த பிள்ளை. அந்த இரண்டு பல்லையும் நான் ஒருநாளும் காணவில்லை. நத்தாருக்கு முன்னம் வந்திருந்தால் கண்டிருப்பேன்.